இரண்டு நிமிட மௌனத்தில் ஒலித்த குழல்

இந்தச் சபைக்குத் தலைமை வகிக்கும் ஸ்ரீமான் ஆராவமுதையங்கார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் நம் தமிழ்ச் சபையின் போதகர் அலெக்சாண்டர் ஐயர் அவர்களே! சபையின் மூப்பர்களே! முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் அமர்ந்திருக்கும் பவுலின் அம்மாள் அவர்களே! சூலையிலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் இந்த மழையில் நடந்தே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தியோடர். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பட்டாளத்தார் தொழும் பெரிய ஆங்கிலக் கோயிலின் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவன். நம் தமிழ்ச் சபையில் மூப்பன். இன்றைய கூட்டத்துக்கு அச்சடித்த நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் 'மறைந்தவரின் ஆப்த நண்பர்' என்று போட்டிருக்கிறார்கள். அதை அச்சடித்தவர்கள் மேல் தப்பில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் பேசி முடித்த பிறகு அந்த இரண்டு வார்த்தைகளையும் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

ஆர்கன் மாஸ்டர் ஓஸ்வால்ட் அதிசயம் போய்விட்டார்! அறுபத்து நாலு வயது. அவருக்கு இரங்கல் கூட்டம் நம் கோயில் மண்டபத்தில் நடந்திருக்க வேண்டும். கேட்டோம். மண்டபத்தில் வெள்ளையடிப்பு நடக்கிறது என்று பதில் வந்தது. நேற்று அந்த வழியாகத்தான் போனேன். சுண்ணாம்பு வாளி ஒன்றையும் காணவில்லை. ஆகையால் இந்த ஒக்கலிபுரம் வாசகசாலையில், கிறிஸ்தவரல்லாத ஒரு பெரியவருடைய தலைமையில், அந்தக் கிறிஸ்தவருக்காகக் கூடியிருக்கிறோம். அக்கிராசனர் அவர்களே, அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறேன்.

மாஸ்டர் அதிசயம் யார்? இளையவர்கள் பலருக்குத் தெரியாது. ஹார்மோனியம் ரிப்பேர் செய்கிற கிழவர் என்று தெரியும். நாடகக் கம்பெனிக்காரர்கள் ரயிலிலிருந்து இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் வீட்டுக்கு வருவார்கள், அது தெரியும். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் குழல்கள் உள்ள ஒரு வாத்தியம் இருபத்து மூன்று வருஷம் இவர் கைக்குள் அடங்கிக் கிடந்ததே, அது தெரியுமா?

அந்த வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டின் உயரம் இருக்கும். சீமையில் செய்து, கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் அந்த ஆங்கிலக் கோயிலுக்கு வந்தது. பின்னால் துருத்தி, அதை ஓர் ஆள் நின்று அமுக்க வேண்டும். அந்தக் காற்று ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் நிறையும். பெட்டியின் மேல் குழல்கள் நிற்கும். கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள்ளே ஒரு சின்ன மூடி திறந்து, அந்தந்தக் குழலுக்குக் காற்று போகும். கையை எடுத்தால் ஒரு சுருள்கம்பி அந்த மூடியைத் திரும்ப மூடிவிடும். இவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் விரலளவு இருக்கும் ஒரு மூடியைப் பற்றியது.

1898-இல் மாஸ்டர் ஒரு மேஜை நாற்காலிக் கடையில் தச்சர். ஆர்கனின் முன்பலகை விரிசல் விட்டது என்று ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பலகையைச் செப்பனிட்டார். பிறகு, 'உள்ளே பார்க்கலாமா?' என்று கேட்டார். பார்த்தார். அவ்வளவுதான், கடைக்குத் திரும்பிப் போகவே இல்லை! குழல்களுக்குச் சுருதி சேர்க்கக் கற்றார். பட்டாளத்துப் பாண்டு மாஸ்டர் ஒருவரிடம் மேல்நாட்டு சங்கீதம் பயின்றார். கைக்கும் வேலை, காலுக்கும் வேலை; அந்த வாத்தியத்தில் காலாலும் வாசிக்க வேண்டும். சப்பாத்து போட்டுக்கொண்டு வாசிப்பதுதான் வழக்கம். இவர் வெறுங்காலோடு வாசித்தார். 'சப்பாத்துக்குச் சுரம் தெரியாது, தியோடர்' என்பார்.

ஒரு சமயம் கர்னல் ஒருவர், 'என்னப்பா, உன் ஆர்கனுக்கு ஆஸ்த்மாவா?' என்று கேலி செய்தார். ஒரு குழல் மட்டும் கரகரத்தது. மாஸ்டர் மேலே ஏறி அதைக் கழற்றிக் கொண்டுவந்து கர்னல் முன்னால் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மண் உதிர்ந்தது. குளவிக்கூடு! 'அதுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வேணுமாம், சார்' என்றார். கர்னல் சிரித்துச் சிரித்து இருமினார்.

பெரிய சண்டையில், 1916-இல், ஆங்கிலேய ஆர்கனிஸ்ட் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். 'தற்காலிகமாக நீ வாசி' என்று மாஸ்டரை உட்காரவைத்தார்கள். எத்தனை காலம் தற்காலிகம்? ஐந்து வருஷம் தற்காலிகம்! ஐந்து வருஷமும் கோயில் பலகையில் ஆர்கனிஸ்ட் என்ற இடத்துக்கு நேரே போனவருடைய பெயர்தான் இருந்தது.

அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் 1918 வந்தது. விஷக் காய்ச்சல் வந்த வருஷம். இங்கே யார் வீட்டில் சாவு விழவில்லை? துருத்தி அமுக்குகிறவருக்கும் காய்ச்சல். பதினோரு நாள், பவுலின் அம்மாள் கோயிலுக்குப் போய் அந்தத் துருத்தியை அமுக்கினார்கள். தினம் இரண்டு அடக்கம், மூன்று அடக்கம். கணவன் வாசிக்க, மனைவி காற்றுக் கொடுக்க. இந்தக் கண்டோன்மென்ட்டில் எத்தனை வெள்ளைக்காரக் குடும்பங்கள் அந்தக் காற்றில் அழுதன!

என் மகள் கேத்தரினும் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். ஒன்பது வயது. நம் தமிழ்க் கோயிலில் அன்று வாசிக்க ஆளில்லை. போதகரும் படுக்கையில். நான்கு பேரோடு பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் ஓஸ்வால்ட் நிற்கிறார். தலையில் ஹார்மோனியம். அவருக்கே உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. 'ஏன் வந்தே? போய்ப் படு' என்றேன். 'உன் பிள்ளையைப் பாட்டில்லாம அனுப்பச் சொல்றியா?' என்றார். மண்மேட்டில் உட்கார்ந்து மூன்று பாட்டு வாசித்தார். நடுவில் இருமல் வந்தது. நிறுத்தவில்லை.

ஐயா, அம்மா, அந்த மனிதருக்கு மூன்று வருஷம் கழித்து நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

1921, ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை. மாஸ்டர் ஆபீசுக்கு வந்து என் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். 'உள்ளே கம்பியெல்லாம் துரு ஏறிப்போச்சு தியோடர். மூடியிலே இருக்கிற தோலும் விறைச்சுப்போச்சு. மழைக்காலம் வருது. ஆர்கனை மூணு வாரம் மூடிப்போட்டு வேலை பார்க்கணும். இல்லேன்னா ஏதாவது ஒரு நாள் மானம் போயிடும்' என்றார். நான் கடிதத்தைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு மேஜர். கோயில் நிர்வாகம் அவர் கையில். படித்தார். ஓரத்தில் நீலப் பென்சிலால், 'நவம்பர் கழியட்டும்' என்று எழுதித் தன் முதலெழுத்தைப் போட்டார். என் கண் முன்னால் போட்டார்.

நவம்பர் வந்தது. சண்டை ஓய்ந்ததை நினைத்து, பதினோராம் தேதி பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம் காக்கிறார்களே, அந்த நாள். கோயில் நிறைந்த கூட்டம். ஜெனரல் முன்வரிசையில். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் கறுப்பு உடுப்பில். நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒரு வாரமாக விடாத மழை. மரமெல்லாம் ஊறியிருந்தது.

பதினோரு மணிக்கு வெளியே பீரங்கி வெடித்தது. மௌனம். மௌனம் முடிந்த கணமே பாட்டு எழ வேண்டும் என்று உத்தரவு. ஆகையால் துருத்தியில் காற்று நிறைந்திருந்தது, குழல் வரிசைகளைத் திறந்துவிடும் குமிழ்களெல்லாம் இழுத்துத் தயாராக இருந்தன. மாஸ்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். மடியில் வைத்திருந்தார்!

அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு குழல் கூவியது.

யாரும் தொடாமல் கூவியது. உள்ளே துரு தின்ற கம்பி அறுந்து, மூடி திறந்துகொண்டது. ஒரே சுரம். நீட்டி, நிறுத்தாமல், ஒப்பாரி வைப்பதைப் போல! ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் நிற்கிற அந்த மௌனத்துக்குள் அது எப்படிக் கேட்டிருக்கும், நினைத்துப் பாருங்கள். மாஸ்டர் குமிழை உள்ளே தள்ளினார். ஊறிய மரம் நகரவில்லை. துருத்தியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். துருத்தி அமுக்கும் நாணு நிறுத்திவிட்டார், ஆனால் உள்ளே நிறைந்த காற்று போக வேண்டாமா? மாஸ்டர் எழுந்தார். பக்கக் கதவைத் திறந்து, ஏணியில் ஏறி, அந்தக் குழலைக் கையால் பிடுங்கினார். துவாரத்தில் தன் கைக்குட்டையை அடைத்தார். சத்தம் நின்றது. மௌனத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் சில நொடிகள். இறங்கி வந்து, குழலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சரியான கணத்தில் பாட்டை ஆரம்பித்தார். ஒரு சுரம் பிசகவில்லை!

வேறு ஒரு வருஷமாக இருந்தால் அதற்காக அவருக்கு மெடல் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது ஒத்துழையாமை வருஷம். சீமை இளவரசர் பம்பாயில் வந்து இறங்க ஆறே நாள். ஆங்கிலேயர் எல்லோருக்கும் எதிலும் சந்தேகம். சாயங்காலத்துக்குள் கிளப்பில் பேச்சு பரவிவிட்டது: 'அந்த இந்தியன் வேண்டுமென்றே கட்டையை அழுத்தினான். நம் இறந்தவர்களை அவமதித்தான்.' மறுநாள் போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்ச் சோதனை போட்டது. கதர் தேடினார்கள். கிடைத்தது நான்கு தகரக் குழலும் ஒரு சுருதிக் கவையும்.

மூன்றாம் நாள் விசாரணை. கோயில் பக்கத்து அறையில் மேஜரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். அதற்கு அரைமணி முன்னால் மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்த ஆகஸ்டு மாதக் கடிதம். அதை என் பக்கம் தள்ளினார்.

'தியோடர், இப்படி ஒரு கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா?'

ஓரத்திலிருந்த நீலப் பென்சில் எழுத்தைப் பார்த்தேன்.

'ஆறு மாசம். சூடு ஆறட்டும். அப்புறம் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் வாக்கு. இதைக் கிழித்துவிடு' என்றார். பிறகு, 'தலைமைக் குமாஸ்தா வேலை ஜனவரியில் காலியாகிறது, தெரியுமல்லவா?' என்றார்.

இந்தியில் சொன்னாரா, இங்கிலீஷில் சொன்னாரா என்று இப்போது நினைவில்லை. நான் சொன்னது நினைவிருக்கிறது. 'நினைவில்லை, சார்' என்றேன்.

விசாரணையில் மாஸ்டர் சொன்னார்: 'நான் ஆகஸ்டு மாதமே எழுதிக் கொடுத்தேன்.' 'நகல் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, ஒரு சின்னச் சிரிப்போடு, 'தியோடர் கையிலதானே கொடுத்தேன், சார். நகல் எதுக்கு?' என்றார்.

சபையோரே! அந்தச் சிரிப்பை நான் பதினேழு வருஷமாகச் சுமக்கிறேன்.

என்னைக் கேட்டார்கள். 'அப்படி எதுவும் வரவில்லை' என்றேன். மாஸ்டர் முகத்தில் அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தவரைப் போல, 'தியோடர்... ஆகஸ்டுலே... திங்கட்கிழமை...' என்றார். நான் மேஜையைப் பார்த்தேன்.

அந்த அறையில் உண்மை பேசியவர் ஒரே ஒருவர். அதோ தூணோரம் நிற்கிறாரே, துருத்தி அமுக்கிய நீலசந்திரா நாணு, அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர். 'அவரு கையை மடியிலே வச்சிருந்தாரு தொரே. நான் பக்கத்திலேதானே நின்னேன்? சும்னே பழியை அவரு மேலே போடாதீங்க. காயிதம் கொடுத்ததும் எனக்குத் தெரியும்; என்னை வெளியே உக்காரவச்சிட்டுத்தான் ஆபீசுக்குள்ளே போனாரு' என்றார். படித்த நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நாணு சொன்னதை எழுதவில்லை. மாஸ்டரை அன்று நிறுத்தினார்கள். நாணுவை மறுநாள் நிறுத்தினார்கள். என்னை ஜனவரியில் உயர்த்தினார்கள்.

பின்வரிசையில் யாரோ 'உட்காரு' என்கிறீர்கள். உட்காருகிறேன், ஐயா. உட்கார வேண்டியவன்தான். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இதுவரை என்னைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் தள்ளினார்கள். நம்மவர்கள் தாங்கினோமா? அந்த டிசம்பரிலேயே நம் தமிழ்ச் சபை கூடி, 'தற்போதைய சூழ்நிலையை உத்தேசித்து' ஓஸ்வால்ட் அதிசயம் பாடகர் குழுவை நடத்த வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. என்ன சூழ்நிலை? பயம்! ராணுவக் கணக்காபீசில் உத்தியோகம், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் உத்தியோகம், சப்ளை டிப்போவில் உத்தியோகம். நம் சோறெல்லாம் அவர்களிடம்! கையெழுத்திட்ட மூப்பர்கள் ஏழு பேர். மூவர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நால்வர் இந்த வாசகசாலையில் இருக்கிறோம். மற்ற மூவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வாய் இருக்கிறது.

அவர் அதற்குப் பிறகு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். 'தியோடர், நான் கொடுத்த காகிதம் எங்கே?' என்று கேட்டார். 'எந்தக் காகிதம்?' என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாயில் என்ன வசவு வந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். 'சரி. வீட்டிலே எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சூலையை விட்டு ஒக்கலிபுரத்துக்குக் குடிமாறியது அந்த வாரந்தான்.

மேஜர் சொன்ன ஆறு மாசம் கழிந்தது. நான் போய் நினைவுபடுத்தினேன். 'யார்? ஓ, அந்த ஆளா?' என்றார். அடுத்த கப்பலில் சீமைக்குப் போய்விட்டார். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. எனக்கு அந்த உரிமை உண்டா?

இத்தோடு நின்றதா? இல்லை. 1930-இல் அந்த ஆர்கனை முழுக்கப் பிரித்துச் செப்பனிடச் சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். காற்றுப்பெட்டியைத் திறந்தார். ஒரு மூடியின் பக்கத்தில், மரத்தில், தமிழில் பென்சில் எழுத்து. படிக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஓஸ்வால்டின் கையெழுத்து. '22-8-21. இந்தக் கம்பி நிற்காது. இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.'

'என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டார்.

அப்போது மேஜர் இல்லை. போலீஸ் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்! 'ஏதோ அளவுக் குறிப்பு, சார்' என்றேன். பழைய பலகையைக் கழற்றிப் புதிது போட்டார்கள். கழற்றியது குசினி அடுப்புக்குப் போயிற்று.

தம் ஆண்டவரை மூன்று முறை மறுத்த ஒரு சீடரை இங்கிருக்கும் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். அவர் அன்றைக்கே அழுதார். நான் பதினாறு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

இனி, அக்கிராசனருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம். மராமத்து இலாகாவில் எஞ்சினியராக இருந்த அவர், தம் வீட்டு ஹார்மோனியத்தைச் சரிசெய்ய வந்த மாஸ்டரிடம் பேசிப் பார்த்துவிட்டு, கொல்லையிலிருந்த வண்டிக்கொட்டகையை அவருக்குக் கொடுத்தார். அந்தக் கொட்டகையில் மாஸ்டரும் நாணுவும் ஆறு வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் ஆர்கன் செய்தார்கள்! சின்ன ஆர்கன். தேக்கிலும் துத்தநாகத் தகட்டிலும் நூற்று நாற்பத்தேழு குழல். ஆட்டுத்தோலில் துருத்தி. பெங்களூரில், நம் ஆட்கள் கையால், முதல் ஆணியிலிருந்து கடைசிக் குழல் வரை. சீமைச் சாமான் ஒன்றும் இல்லை. அதை விற்றிருந்தால் யாராவது வாங்கியிருப்பார்கள். அவர் விற்கவில்லை. 1931-இல் நம் தமிழ்க் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன் என்று எழுதினார். தம்மை விரட்டிய கோயிலுக்கு!

நாம் என்ன பதில் எழுதினோம்? 'இடவசதி இல்லை.' அலெக்சாண்டர் ஐயர் அவர்களே, நீங்கள் அப்போது புதிதாக வந்திருந்தீர்கள். மூப்பர்களைக் கேட்டீர்கள். 'அந்த ஆள் விவகாரமான ஆள், நமக்கு எதுக்கு ஐயரே?' என்றோம். நீங்களும் மேலே கேட்கவில்லை. அந்தப் பதிலை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான். அந்த ஆர்கன் ஏழு வருஷமாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. மாஸ்டரிடம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் அதில் வாசிக்கிறார்கள். ரயிலடிக்குப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் மாஸ்டர் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். போனேன். பவுலின் அம்மாள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, வழிவிடாமல் நின்றார்கள். உள்ளேயிருந்து, 'யாரு? தியோடரா? வரட்டும்' என்று குரல் வந்தது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேஜர், கடிதம், பென்சில் எழுத்து, எல்லாம். அழுதேன். 'மன்னிச்சிடு ஓஸ்வால்ட்' என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, 'நீ எதுக்கு என்கிட்ட சொல்றே? எனக்குத்தான் தெரியுமே! அன்னிக்கே தெரியும்' என்றார். 'தெரியாதவங்க ஊரெல்லாம் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு. கோயில்லே எழுந்து நின்னு சொல்லு. நான் உசுரோட இருக்கும்போதே சொல்லு, தியோடர். காதாலே கேட்டுட்டுப் போறேன்.'

'மன்னிச்சேன்' என்று அவர் சொல்லவில்லை. நான் அவரைப் புண்ணியவானாக்கிப் பேச விரும்பவில்லை, அவர் சொல்லவில்லை. 'இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்றேன்' என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கியை மாட்டிக்கொண்டேன். வாசல்வரை வந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை. அன்று ஆராதனை முடிந்ததும், கோயிலிலிருந்து திரும்பும் ஆட்களை வழிமறித்து, 'தியோடர் ஏதாவது பேசினாரா?' என்று கேட்டுவர மாஸ்டர் நாணுவை அனுப்பியிருக்கிறார். நாணு திரும்பிப் போய் என்ன சொல்லியிருப்பார்! வெள்ளிக்கிழமை மாஸ்டர் இறந்தார். காதால் கேட்காமலே இறந்தார்.

இன்று பேசுகிறேனே, இது தைரியமா? கேட்க வேண்டியவர் போன பிறகு பேசுவதற்குத் தைரியம் எதற்கு?

இதோ, அந்தக் கடிதம். நான் கிழிக்கவில்லை. கிழிக்காமல் வைத்திருந்ததால் நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழித்தவனாவது தன் காரியத்தில் உறுதியாக இருந்திருப்பான். ஓரத்தில் நீலப் பென்சில் இன்னும் தெரிகிறது. இதை அக்கிராசனர் அவர்கள் கையில் கொடுக்கிறேன். எல்லோரும் வாங்கிப் பாருங்கள். நான் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலமும் கூட இருக்கிறது. அதன் நகல் நாளைக் காலை ஆங்கிலக் கோயில் நிர்வாகத்துக்குப் போகிறது. மூப்பர் பதவியை இந்த நிமிஷமே விட்டுவிடுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டும். என் உறுதிமொழியை யார் நம்புவீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்த வாக்கையே காப்பாற்றாதவன் நான். ஆகையால் வாக்கு வேண்டாம். ஒரு வேலை சொல்கிறேன்.

இன்று காலை பவுலின் அம்மாளிடம் போய், அந்த ஆர்கன் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர்கள் சொன்னது இது: 'போகட்டும் அண்ணே. அவர் ஆசைப்பட்டது அதுக்குத்தான். ஆனா நீங்க பேசின பிறகு போகட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ஆணிகூட இங்கேயிருந்து நகரக்கூடாது.' அம்மா, பேசிவிட்டேன். போதுமா என்று கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. அக்கிராசனர் இரட்டைமாட்டு வண்டி தருகிறார். கண்டோன்மென்ட் நம் கோயில்வரை ஓட்டிக்கொண்டு போவோம். ஐயர் அவர்களே, கதவு திறந்திருந்தால் உள்ளே வைப்போம். பூட்டியிருந்தால் வாசல் படியிலேயே இறக்கி வைத்து, மாஸ்டருடைய பிள்ளைகள் அங்கேயே வாசிப்பார்கள். தெருவில் போகிறவர்கள் கேட்கட்டும். சாவி உங்களிடம் இருக்கிறது. நான் அதற்கு மேல் உங்களைக் கேட்கப் போவதில்லை.

தேக்கு கனம். வண்டியில் ஏற்ற எட்டுப் பேர் வேண்டும். பட்டாள உத்தியோகத்துக்குப் பயப்படுகிறவர்கள் வர வேண்டாம். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் கையைத் தூக்குங்கள். தூணோரம் நாணு தூக்கிவிட்டார். நான் ஒருவன், வயதானவன்தான், ஒரு மூலையையாவது பிடிப்பேன்.

இன்னும் ஆறு பேர்.